வலிப்பு நின்ற பின்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு இட்ட தலைப்பு "வலிப்பு நோயும் அதன் சிகிச்சையும்" என்பது. அத்தலைப்பைச் சிறிது சுருக்கிக்கொள்ளத் தலைவர் அவர்களின் அனுமதியை வேண்டுகிறேன். நோயைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் டாக்டர்கள் பலர் பல மேடைகளிற் பேசியிருக்கின்றனர். யான் பேசக் கருதியது, மூளையில் ரண சிகிச்சை செய்து வலிப்பு நின்றபின் அம்மனிதருடைய மனமும் அறிவும் எவ்வாறு தேறுகின்றன, அக்காலத்தில் வீட்டார் செய்ய வேண்டுவது யாது என்பதே. சிகிச்சைக்குப் பணம் திரட்டிக் கொடுப்போர் நம்மிற் பலர் உளர். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு சென்று பார்ப்போர் அவரினும் பலர். அவர் வீடு திரும்பிய ஆறாம் மாதத்தில் எட்டிப் பார்ப்பவரோ மிகச் சிலர். ரண சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளரின் ஞாபகம், சொல்லாட்சி, மனநிலை ஆகியவற்றைச் சோதித்து அறிவது என் தொழிலாதலின், அந்த ஆறாம் மாதமே எனக்கு மிகப் பழக்கமானது.

வலிப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. முன்னோர் இதனை முயலகன் என்றனர். கொல்லி மழவன் என்னும் சிற்றரசன் தன் மகளை முயலகன் பற்றியதாகவும், வேறு வழி காணாமல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் அவளைக் கொண்டுவந்து கிடத்தியதாகவும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்ததாகவும் பெரியபுராணம் கூறும். அப்பெண் எழுந்து தன் தந்தையின் பக்கத்தில் வந்து நின்றாள் என்பதோடு அச்செய்தி முடிகிறது. அதன்பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள், தோழியர் அவளைப் பழையபடி சேர்த்துக்கொண்டனரா, தாய் அவளைத் தனியே குளத்துக்கு அனுப்பத் துணிந்தாளா என்பவை புராணத்தில் இல்லை. புராணத்துக்கு அவை வேண்டுவனவும் அல்ல. நமக்கு வேண்டும்.

ரண சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். வலிப்புடையோரிற் பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையால் நோய் அடங்கிவிடும். எஞ்சிய மூவருக்கு அடங்குவதில்லை. தக்க மருந்துகள் இரண்டைத் தக்க அளவில் உட்கொண்டும் வலிப்பு நில்லாதாயின், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தார் 2010ஆம் ஆண்டில் வரையறுத்தனர். அத்தகையோரிற் சிலருக்கு வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். பெரும்பாலும் அவ்விடம் நெற்றிப் பொட்டுக்கு நேர் உள்ளே அமைந்த மடலாகும். அதனைப் பொட்டு மடல் என்போம். எந்த இடம் என்பதை மின்னலை வரைபடத்தாலும் காந்தப் படத்தாலும் உறுதி செய்து, அப்பகுதியை அகற்றுவதே இச்சிகிச்சை. இதனை ஏதோ நேற்றுத் தோன்றிய துணிகரச் செயல் என்று அஞ்ச வேண்டா. இலண்டன் நகரில் விக்டர் ஹார்ஸ்லி என்பார் இதனை 1886ஆம் ஆண்டிலேயே செய்தார். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் 1995ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் அங்குச் சென்று வருவோர் பலர்.

பயன் எவ்வளவு என்று கேட்பீர்கள். கனடா தேசத்திலும் இலண்டன் என்று ஒரு நகர் உண்டு. அங்கு 80 நோயாளரைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரண்டாகப் பிரித்து, 40 பேருக்கு ரண சிகிச்சையும் 40 பேருக்கு மருந்து மாத்திரமும் கொடுத்துப் பார்த்தனர். அறிவு மயங்கச் செய்யும் வலிப்பு ஓராண்டு முடிவில் முற்றும் நின்றவர், முன்னவரில் நூற்றுக்கு 58, பின்னவரில் நூற்றுக்கு 8. இச்செய்தி 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. டில்லி நகரில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரிடம் இவ்வாறே செய்த ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கு ரண சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 77 பேருக்கும், மருந்து மாத்திரம் பெற்றோரில் நூற்றுக்கு 7 பேருக்கும் ஓராண்டில் வலிப்பு இல்லை. ஆனால் அவ்வாராய்ச்சியில் ரண சிகிச்சை பெற்ற சிறுவரில் நாலில் ஒருவருக்கு ஒரு பக்கத்துக் கைகால் தளர்வு ஏற்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. அவர்களுட் சிலருக்கு மூளையின் ஒரு பாதியையே துண்டிக்க வேண்டிய கடுமையான நோய் இருந்தது.

இனி அறிவைப் பற்றிப் பேசுவோம். "மூளையிற் கை வைத்தால் புத்தி மாறிவிடுமா?" என்பதே எல்லாத் தாய்மாரும் என்னிடம் முதலிற் கேட்கும் கேள்வி. இதற்கு விடை சொல்லுமுன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஹென்றி மொலைசன். அமெரிக்கர். கடும் வலிப்பால் வேலை செய்ய இயலாதிருந்த அவருக்கு, 1953ஆம் ஆண்டில், 27ஆம் வயதில், ஹார்ட்ஃபர்டு என்னும் ஊரில் வில்லியம் ஸ்கோவில் என்ற ரண வைத்தியர் இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதிகளையும் அகற்றிவிட்டார். வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நிகழ்ந்த எதுவும் அவருடைய ஞாபகத்திற் தங்கவில்லை. சற்றுமுன் உண்டதையும் பேசியதையும் மறந்தார். நாள்தோறும் வந்து சோதித்தவரைக்கூட நாள்தோறும் புதியவராகவே வரவேற்றார். அவருடைய புத்திக் கூர்மையோ குறையவில்லை. பேச்சும் பண்பும் முன்போலவே இருந்தன.

பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடியிற் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவைக் கோட்டால் தொடர்ந்து வரையும்படி சொன்னார். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் செவ்வையாக வரைந்தார். ஆயினும் அவ்வேலையை முன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! கை கற்றதை மனம் அறியவில்லை. ஞாபகம் என்பது ஒரே பொருளன்று, பலவகைப்பட்டது, ஒன்று கெட்டும் மற்றொன்று நிற்கும் என்பதை உலகம் இவரால் அறிந்தது. ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டுமே நூல்களிற் குறிக்கப்பட்டு வந்த அவர், 2008ஆம் ஆண்டில் 82ஆம் வயதிற் காலமான பின்னரே அவர் பெயர் வெளியாயிற்று.

அவர் அடைந்த துன்பத்தால் பின்வந்தோர் காக்கப்பட்டனர். இரு பக்கத்தையும் அவ்வாறு அகற்றுவதில்லை என்பது அதன்பின் விதியாயிற்று. எந்தப் பக்கம் பேச்சுக்குரியது, எஞ்சும் பக்கம் ஞாபகத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கும் முறைகளும் வந்தன. ஆகவே, ஹெச்.எம். அவர்களுக்கு நேர்ந்தது நம் பிள்ளைக்கு நேராது. அதற்காக ஒன்றுமே நேராது என்று சொல்லவும் யான் துணியேன். வலக்கைப் பழக்கமுடைய பெரும்பாலோருக்குச் சொற்களைக் காப்பது இடப்பக்கம். இடப்பக்கத்துப் பொட்டு மடலில் ரண சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 44 பேருக்குச் சொல் ஞாபகம் சிறிதோ பெரிதோ குறைகிறது என்றும், வலப்பக்கமாயின் நூற்றுக்கு 20 என்றும், பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு கூறுகிறது. சிகிச்சைக்கு முன் ஞாபகம் எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவுக்கு இழக்கவும் பொருள் உண்டு. முன்பே நோயால் அப்பகுதி சுருங்கிப் போனவருக்கு இழப்புக் குறைவு.

மற்றொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியிற் பான் நகரத்தார் நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003ஆம் ஆண்டில் எழுதியது யாதெனில், வலிப்பு நில்லாது தொடருமாயின் ஞாபகம் மெல்லத் தேய்ந்துகொண்டே போகும், முற்றும் நின்றவருக்கோ அத்தேய்வு நின்று, சிலருக்குத் திரும்பி வளரவும் செய்யும் என்பது. சும்மா இருப்பதும் இலவசமன்று என்று இதற்குப் பொருள்.

கணக்கை விட்டு வீட்டுக்கு வருவோம். சொல் ஞாபகம் குறைவது வீட்டில் எவ்வாறு தோன்றும்? ஒரு மாது அடுக்களையில் நிற்கிறாள். பூரி எண்ணெயிற் பொங்குகிறது. "அதை எடு, அந்த... ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதை எடு" என்கிறாள். ஜல்லிக்கரண்டி என்னும் பெயர் நாவில் வரவில்லை. பொருள் இன்னதென்று தெரியும், பயன் தெரியும், எந்த ஆணியில் தொங்குகிறது என்பதும் தெரியும். பெயர் மாத்திரம் வரவில்லை. அருகிலிருக்கும் நாத்தனார் சிரிக்கிறாள். அச்சிரிப்பு அம்மாதினை மறுநாள் முதல் வாய் திறவாமற் செய்துவிடும். கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயர் வராமல் ஒருவர் விழிப்பார். அவர் செருக்குற்றவர் என்று உறவினர் எண்ணுவர். கடையில் "மூன்று பேருக்குப் பாக்கி சொல்லி அனுப்பு" என்றால் இருவருக்குச் சொல்லிவிட்டு வருவார். முதலாளி அவரைச் சோம்பேறி என்பார். சோம்பலன்று. மூளையிற் சொற்களை இருப்பு வைத்த அறை ஒன்று குறைந்திருக்கிறது. மற்ற அறைகளில் அடுக்கிக்கொள்ள நாள் ஆகும்.

இதற்கு உதவுவன மிக எளியவை. சிறு குறிப்புப் புத்தகம் ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும். கைத் தொலைபேசியில் நினைவூட்டும் மணியை வைத்துக்கொள்ளலாம். சாவிக்கும் கண்ணாடிக்கும் பணப்பைக்கும் ஒரே இடம் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்ல வேண்டும். பெயர் வராதபோது உடனே எடுத்துக்கொடாமல் சிறிது பொறுத்து, முதலெழுத்தைச் சொல்லிக் காட்டலாம். வல்லாரையும் வெண்டைக்காயும் ஞாபகத்தைத் திருப்பித் தரும் என்று சொல்வோருடன் யான் வழக்காடுவதில்லை. வெண்டைக்காய் நல்ல காய். ஆனால் குறிப்புப் புத்தகம் அதனினும் நல்லது. படிப்பையோ கணக்கு வேலையையோ மீண்டும் தொடங்குமுன், ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். எது குறைந்தது, எது நிறைந்தது என்று அறியாமல் "முன்போல் இல்லை" என்று பொதுவாக வருந்துவதிற் பயனில்லை.

இப்போது மனத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். இதிற்றான் யான் சிறிது தங்க விரும்புகிறேன்.

முதல் மூன்று மாதங்கள் உடலும் மனமும் சேர்ந்து அலையும் காலம். தலைவலி இருக்கும். மெல்லும்போது தாடை வலிக்கும். களைப்பு மிகுதியாக இருக்கும். காரணமின்றி அழுகை வரும், காரணமின்றிச் சினமும் வரும். பொட்டு மடலின் உட்புறம் ஞாபகத்துக்கு மட்டுமன்றி அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகளுக்கும் உறைவிடமாதலின் இது வியப்பன்று. லெவெடிரசிட்டாம் என்னும் மாத்திரை சிலருக்குச் சினத்தை மிகுவிப்பதும் உண்டு. அப்போது மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, எதிலும் விருப்பின்றி இரண்டு வாரம் தொடருமாயின் அது வெறும் களைப்பன்று, மனச்சோர்வு என்னும் நோய். அதற்கும் சிகிச்சை உண்டு. "செத்தால் நலம்" என்று ஒரு சொல் வந்தால் அதனைப் பேச்சென்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இச்சோர்வு கத்தியால் மட்டும் வருவதன்று. முன் சொன்ன கனடா ஆராய்ச்சியில் ரண சிகிச்சை பெற்ற நாற்பதின்மரில் எழுவருக்கும், மருந்து மாத்திரம் உண்ட நாற்பதின்மரில் எண்மருக்கும் மனச்சோர்வு காணப்பட்டது. நோயோடு கூடப் பிறந்த தங்கை அது. நோய் போனால் தானும் உடனே போய்விடும் என்பதில்லை.

வலிப்பு நில்லாதவர் வருந்துவது எவருக்கும் விளங்கும். வலிப்பு நின்றவர் வருந்துவது எவருக்கும் விளங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து அறிஞர்களான சாரா வில்சன், பீட்டர் பிளேடின், மைக்கேல் சாலிங் என்போர் இதனை நோக்கி ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெயரிட்டனர். தமிழில் அதனை "நலத்தின் சுமை" எனலாம். நோயாளியாகவே வளர்ந்த ஒருவர் திடீரென்று நலமுற்றவராக ஆகும்போது, நலமுற்றவர் தாங்கும் பொறுப்புகள் அனைத்தும் ஒரே நாளில் அவர் தலைமேல் இறங்குகின்றன. அவற்றைத் தாங்க அவர் கற்றவரல்லர். கற்க வேண்டிய வயதில் அவர் படுக்கையிலும் பயத்திலும் கிடந்தார்.

எண்ணிப் பாருங்கள். நோய் தொடங்கியதற்கும் ரண சிகிச்சைக்கும் இடையே சராசரி 20 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்று மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளின் கணக்கே கூறுகிறது. எட்டு வயதில் வலிப்புக் கண்ட பையன் இருபத்தெட்டில் நலமடைகிறான். அவனைச் சைக்கிள் ஏறவிட்டதில்லை. ஆற்றில் இறங்கவிட்டதில்லை. கடையில் நின்றால் எங்கே விழுந்துவிடுவானோ என்று கல்லாவில் உட்கார வைத்ததில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினோம். வலிப்புக் கண்டபோதெல்லாம் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தோம். இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கு அணை கொடுத்தால் போதும். அவன் தாய் இருபது ஆண்டுகள் அவனுடைய அறைக் கதவைத் தாழிட விடாமல் வாசற்படியிற் படுத்து உறங்கினாள். வலிப்பு நின்று ஆறு மாதமாயிற்று. தந்தை சொல்லுகிறார்: "இனி உனக்கு என்ன குறை? எல்லோரையும் போல் சம்பாதி." தம்பிக்கு மணமாகி இரண்டு பிள்ளைகள். அவர்களைத் தோளிற் தூக்கிக்கொண்டு இவன் திண்ணையில் நிற்கிறான். போன இருபது ஆண்டுகளை யார் திருப்பித் தருவார் என்று எண்ணுகிறான். இந்தத் துக்கத்தை வீட்டார் நன்றி கெட்டதனம் என்கின்றனர். "இத்தனை இலட்சம் செலவு செய்து உயிரை மீட்டோம், இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானே" என்று ஒரு தந்தை என்னிடம் நேரில் அழுதார். அவர் நல்லவர். மகனும் நல்லவன். இருவரும் வேறு வேறு கணக்கு வைத்திருந்தனர். அவ்வளவே.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக நடப்பர். இழந்த ஆண்டுகளை ஒரே மாதத்திற் பிடித்துவிடப் பார்ப்பர். மூன்று வேலைக்கு மனுப் போடுவர். இரவெல்லாம் விழிப்பர். மோட்டார் சைக்கிள் வாங்குவர். மாத்திரையை நிறுத்துவர். "எனக்கு நோயில்லை" என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்னும் வேகம் அது. மாத்திரையை ரண சிகிச்சைக்குப் பின்னும் ஓராண்டு, ஈராண்டு தொடர்ந்து உண்டு, பின்னர் டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். மோட்டார் ஓட்டும் உரிமத்துக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பொய் விடை எழுதுவது தனக்கு மட்டுமன்றித் தெருவிற் போகிறவருக்கும் தீங்காகும்.

இவ்விடத்திற் பிரார்த்தனைகளைப் பற்றியும் ஒரு சொல். வேண்டுதல் செலுத்துவதை யான் தடுக்கவில்லை. ஆனால் தையல் பிரித்த மறு வாரமே இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்து, விடியுமுன் குளித்து, மாத்திரையும் உண்ணாமல் பட்டினியிருந்து மலையேறுவது, உறக்கக் கேட்டாலும் மருந்துக் கேட்டாலும் வலிப்பை அழைத்து வருவதாகும். சுவாமி ஆறு மாதம் பொறுப்பார்.

வீட்டாருக்கும் இது நோயிலிருந்து தேறும் காலமே. வாசற்படியிற் படுத்த அத்தாய்க்கு மகன் நலமடைந்தபின் உறக்கம் வரவில்லை. குளியலறையில் செம்பு விழுந்த ஓசை கேட்டால் ஓடுகிறாள். மகன் சீறுகிறான். இருபது ஆண்டு செய்த காவலை ஒருத்தி ஒரு நாளில் எவ்வாறு கைவிடுவாள்? அக்காவலே அவளுக்கு வாழ்வாக இருந்தது. கணவனைக் குழந்தைபோற் பார்த்துவந்த மனைவிக்கும் இதே நிலை. கணக்குப் புத்தகமும் அவள் கையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அவள் கையில் இருந்தன. இப்போது அவன் "கொடு, யான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். அவளுக்கு மகிழ்ச்சியும் உண்டு, உள்ளே ஒரு கோபமும் உண்டு. கணவன் மனைவியரின் நெருக்கத்திலும் விருப்பம் மிகுதலோ குறைதலோ உண்டாகும். நாணத்தால் இதனை எவரும் டாக்டரிடம் சொல்லுவதில்லை. சொல்ல வேண்டும். இவையெல்லாம் அமைந்து வர ஈராண்டு ஆகலாம். அதற்குள் "சிகிச்சை பலிக்கவில்லை" என்றோ "அவர் குணம் மாறிவிட்டது" என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

காவலைக் குறைப்பதற்கும் படி உண்டு. முதலிற் கதவைச் சாத்தட்டும், தாழிட வேண்டா. பின்னர்த் தாழிடட்டும். முதலில் தெருமுனைக் கடைக்கு, பின்னர்ச் சந்தைக்கு, பின்னர் வெளியூருக்குத் தனியே செல்லட்டும். கடையில் அரை நாள் வேலை, சிறு கூலி, ஆனால் அவர் கையிலேயே கூலி கொடுங்கள். பொறுப்பைச் சுமத்துவதும் ஆகாது, பறிப்பதும் ஆகாது. தந்தைமார் முன்னதிலும் தாய்மார் பின்னதிலும் தவறுகின்றனர் என்பது என் அனுபவம்.

இனி நம் சங்கத்தைச் சார்ந்த ஒரு காரியம். நம் சங்கம் வரன் பதிவேடு வைத்திருக்கிறது. கல்வி உதவியும் செய்கிறது. இந்து விவாகச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்புக் காணுதல் மணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. அச்சொல் 1999ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வலிப்புடையவர் மணம் செய்துகொள்ளச் சட்டத்தில் தடையில்லை. தடை நம் பேச்சில்தான் இருக்கிறது. அப்பேச்சுக்கு அஞ்சிப் பெண் வீட்டார் ரண சிகிச்சையையே மறைக்கின்றனர். தழும்பைக் கூந்தலால் மூடி, மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிப் பெண்ணை அனுப்புகின்றனர். அப்பெண் மாமியார் காணாமல் மாத்திரை உண்ண வேண்டும். காண்பாரோ என்று சில நாள் உண்ணாமல் விடுவாள். உறக்கமும் இராது. இருபது ஆண்டுத் துன்பமும் இலட்சக்கணக்கான செலவும் வீணாக, ஒரு நாள் காலையில் வலிப்பு மீளும். பின்னர் வஞ்சித்து மணம் செய்தனர் என்று வழக்கும் வரலாம். சொல்லி மறுக்கப்படுவதினும் மறைத்து ஏற்கப்படுவது கொடிது என்பது என் கருத்து. ஆதலின் வரன் பதிவேட்டில் இத்தகையோர் பெயரைத் தள்ளி வைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அதனை விட வேண்டும் என்றும், கல்வி உதவிக்கு வைத்துள்ள வயது வரம்பை, நோயாற் படிப்பு நின்று பின்னர்த் தேறியவருக்குத் தளர்த்த வேண்டும் என்றும் நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன். இருபத்தெட்டு வயதில் பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கையிலெடுக்கிறவனிடம் பிறந்த தேதியைக் காட்டி மறுப்பது முறையன்று.

இறுதியாக, ரண சிகிச்சை செய்தும் வலிப்பு முற்றும் நில்லாதவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதி உண்மையாகிவிடும். இங்கிலாந்தில் 615 பேரைத் தொடர்ந்து பார்த்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறிவு மயங்கும் வலிப்பு மீளாமலே இருந்தவர் ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு 52, பத்தாம் ஆண்டில் நூற்றுக்கு 47. மற்றவருக்கு எப்போதோ ஒருமுறையேனும் மீண்டது. அவர்களிற் பலருக்கு முன்னிருந்ததினும் எவ்வளவோ குறைவு. எட்டு மாதம் நின்றிருந்து ஒன்பதாம் மாதத்தில் ஒரு வலிப்புக் கண்ட இளம்பெண் ஒருத்தி, "என்னால் எல்லோருடைய பணமும் போயிற்று" என்று எழுதி வைத்துவிட்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாள். அவளுக்கு மாதம் பத்து முறை வந்த வலிப்பு அது. மருந்தின் அளவைச் சிறிது மாற்றினோம். இப்போது அவள் தையற் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கைக்காரர் பெயரும் அளவும் எழுதும் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை வலிப்பு வரும். அன்று மாத்திரம் கடையைச் சாத்துவாள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம். சபையிற் கேட்கக் கூசும் தாய்மார்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பெயர் சொல்லாமற் படித்து விடை கூறுகிறேன்.